பழைய வண்டி, அந்தக் காலத்து உடை: வழியில் சந்தித்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்

எங்கள் வீட்டில் 1968 மாடல் ஃபியட் 1100 டிலைட் கார் இருக்கிறது. பத்மினி என்ற பெயர் 1974-ல்தான் வந்தது. ஆனாலும் பார்க்கிறவர்கள் எல்லாரும் பத்மினி என்றே கூப்பிடுகிறார்கள், நானும் திருத்துவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் புதுச்சேரியில் கூடினோம். வண்டி எந்தக் காலத்ததோ அந்தக் காலத்து உடையில்தான் வர வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விட மாட்டார்கள். அதனால் பாரதி பூங்கா பக்கம் காத்திருந்து, தடுப்பை எடுத்ததும் உள்ளே போனோம். சிவப்புத் தொப்பிக் காவலர் கை காட்ட, முதலில் ஒரு அம்பாசிடர் மார்க் டூ, அடுத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அப்புறம் நாங்கள். ஹெரால்டு நம் சென்னையில் தயாரான வண்டி. அதன் பானெட், மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். காந்தி சிலை எதிரில் அதைத் திறந்து வைத்ததுதான் தாமதம், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது திரும்பி வரும்போது நடந்தது. நல்ல உச்சி வெயில். அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டி கிருமாம்பாக்கம் வந்ததும் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் எடுக்கவில்லை. பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்து அனுப்பும் டெல்கோவின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பாயிண்ட் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. எதிர்ப்பக்க டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். என்னிடம் ஒன்றும் கேட்காமல் பெட்ரோல் பம்ப்பைத் தொட்டார், சட்டென்று கையை எடுத்தார். “கரண்ட்ல ஒண்ணும் இல்ல தம்பி. பெட்ரோல் கொதிச்சு ஆவியாயிடுச்சு. பம்ப் காத்தைத்தான் இழுக்குது.” டீக்கடையில் ஒரு பழைய துணியை வாங்கி, பானைத் தண்ணீரில் நனைத்து, பம்ப்பையும் குழாயையும் சுற்றிக் கட்டினார். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கின் அர்த்தமே புரிந்தது. நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு முதலாளி வீட்டில் இதே ஃபியட்டைப் பதினொரு வருடம் ஓட்டியவராம். ஸ்டீயரிங் பக்கத்திலிருக்கும் கியர் கம்பியை ஜன்னல் வழியாகக் கைவிட்டு அசைத்துப் பார்த்தார். “முதலாளியம்மாவுக்குக் குலுங்கினா பிடிக்காது. அதனால ரெண்டாவது கியர்லருந்து மூணுக்குப் போறதே தெரியாம போடுவேன்” என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பெல்பாட்டமும் பெரிய காலர் சட்டையும் போட்டிருந்தேன். “வண்டி அறுபத்தெட்டு. இந்த பேண்ட் எழுபதுக்கு அப்புறம்ல வந்துச்சு? அப்ப எல்லாரும் டைட் பேண்ட்தான். உட்கார்ந்தா தையல் விட்டுரும்.”

அவர் சொன்னது சரி. பழைய காலம் என்றாலே பெல்பாட்டம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். வண்டியின் பிளக் எந்த வருடத்தது என்று தேடித் தேடி வாங்குகிறவர்கள், உடையில் மட்டும் இருபது வருடத்தை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். துணியை எடுத்துவிட்டு செல்ஃப் போட்டேன், உடனே எடுத்தது.

குருசுக்குப்பம், புதுச்சேரி

அண்ணா, அன்று வெலோசொலெக்ஸ் கொண்டு வந்தது நான்தான். மாமனாரின் வண்டி. பார்க்கத் தெரியாதவர்களுக்கு அது கறுப்பு சைக்கிள். முன்சக்கரத்தின் மேல் 49 சிசி எஞ்சின் உட்கார்ந்திருக்கும், செயின் எதுவும் அதற்குக் கிடையாது. எஞ்சினோடு சேர்ந்த ஓர் உருளை டயரை அழுத்தித் தேய்த்துச் சக்கரத்தைச் சுற்றும்.

நான் அம்மாவின் நைலக்ஸ் புடவை கட்டியிருந்தேன், பஃப் கை ரவிக்கை, இரட்டைப் பின்னல், கனகாம்பரம். மூக்குக் கண்ணாடி மட்டும் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கியது. துயுமா வீதி முனையில் ஒரு சொல்தா தாத்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர், என்னை நிறுத்தினார். வண்டியை என் கையிலிருந்து வாங்கி, நான்கு மிதி மிதித்து, கம்பியைத் தள்ளி எஞ்சினை இறக்கினார். பட்டென்று பற்றிக்கொண்டது. “மழையில் உருளை வழுக்கும். அப்போது எஞ்சினைத் தூக்கிவிட்டு மிதித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடு” என்றார். என் மாமனாரும் இதையே சொல்வார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

முதுநகர், கடலூர்

எனக்கு நடந்தது சில்வர் பீச்சில். என்னுடையது யெஸ்டி பைக், மைசூரில் செய்தது. கூட்டத்தில் கல்லூரிப் பையன்கள் ஸ்டார்ட் செய்து பார்க்க ஆசைப்பட்டு, கிக்கரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த தேவனாம்பட்டினத்து அக்கா ஒருவர் நின்று, “கியர் லிவரை உள்ளே தள்ளி மேல திருப்புடா, அதான் கிக்கர்” என்றார். அவர் வீட்டுக்காரர் பல வருடம் யெஸ்டியில்தான் மீன் ஏற்றிப் போனாராம். இரட்டை சைலன்சர் சத்தம் கேட்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டார்.

அண்ணா, உங்கள் ஃபியட்டுக்கு விண்டேஜ் வண்டிகளுக்கான வி.ஏ. நம்பர் வாங்கிவிட்டீர்களா?

மஞ்சக்குப்பம், கடலூர்

இன்னும் இல்லை தம்பி. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அடிப்படை மாறாத சொந்த உபயோக வண்டிக்கு அந்த எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்புறம் அதை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இப்படித்தான் எடுக்கலாம். நான் வாரம் ஒருமுறை திருப்பாதிரிப்புலியூர் வரை இதில்தான் காய்கறி வாங்கப் போகிறேன். அந்தப் பழக்கத்தைக் கைவிட மனசு வரவில்லை.

பெட்ரோல் குழாயையும், பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வையும் மாற்றிவிட்டேன். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரை அடுத்த கூடலுக்கு அழைத்திருக்கிறேன். கன்னியக்கோயிலிலிருந்து புதுச்சேரி வரை அவர்தான் ஓட்டப் போகிறார். எனக்கு டைட் பேண்ட் தைக்கக் கொடுத்தாகிவிட்டது, பாட்டம் 14 இஞ்ச்.