யோபு 8:7-ஐக் கடைத் திறப்பு அழைப்பிதழில் போடலாமா?

பாளை வாசகி:
தம்பி மொபைல் சர்வீஸ் கடை திறக்கிறான். அழைப்பிதழில் பைபிளின் யோபு புத்தகத்திலிருந்து "துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்று போட நினைத்தோம். எங்கள் சபைப் பையன் ஒருவன், "அக்கா, அது பில்தாத் சொன்னது, ஆண்டவர் சொன்னதில்லை" என்கிறான். புதுவருட வாக்குத்தத்த அட்டையிலேயே வருகிற வசனமாயிற்றே? அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது விளக்குங்களேன்.

ஞாயிறுபள்ளி அண்ணாச்சி:
பையன் சொல்வது சரிதான். 8-ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள், தங்கச்சி. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபிடம், ஆறுதல் சொல்ல வந்த மூன்று நண்பர்களில் ஒருவனான பில்தாத் பேசுகிறான். உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கான பலன் கிடைத்தது என்கிற தோரணை நாலாம் வசனத்தில். துக்க வீட்டில் பேசுகிற பேச்சா இது? அப்புறம், நீ சுத்தமானவனாக இருந்தால் என்று ஒரு நிபந்தனை. அதன் வாலில் தொங்குவதுதான் நம் அட்டை வசனம். ஆறுதல் மாதிரித் தெரியும், உள்ளே குத்தல்.

யோபு புத்தகத்தின் அமைப்பே அப்படி. நடுவில் கவிதையாக வாக்குவாதம், முன்னும் பின்னும் உரைநடையில் கதை. யோபைச் சோதிப்பது பற்றிக் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் பரலோகத்தில் நடந்த பேச்சு முதல் இரண்டு அதிகாரத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். அந்த நண்பர்களுக்குக் கடைசிவரை தெரியாது. 42:7-இல் கர்த்தர் அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசையும் மற்ற இருவரையும், என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடிந்துகொள்கிறார்.

மார்த்தாண்டத்துக்காரன்:
அதற்காக அப்படியே தள்ளிவிட முடியுமா அண்ணாச்சி? எலிப்பாஸ் பேசியதை (5:13) பவுல் 1 கொரிந்தியர் 3:19-இல் வேதவசனமாகவே எடுத்தாள்கிறாரே. யோபின் முடிவும் நன்றாகத்தானே இருந்தது? 14,000 ஆடு, 6,000 ஒட்டகம்!

ஞாயிறுபள்ளி அண்ணாச்சி:
நண்பர்கள் சொன்னதெல்லாம் பொய் என்று நானும் சொல்லமாட்டேன். பொதுவாகச் சரியான பேச்சை யோபின் தலையில் கட்டினார்கள், அதுதான் தப்பு. ஆனால் பில்தாத் சொன்ன வழியிலா அவருக்குத் திரும்பக் கிடைத்தது? அந்த நண்பர்களுக்காகவே அவர் வேண்டுதல் செய்தபோது கிடைத்தது (42:10).

அழைப்பிதழுக்கு சகரியா 4:10 பாருங்கள்: "அற்பமான ஆரம்பத்தின் நாளை யார் அசட்டை பண்ணலாம்?" யூதர்களின் தலைவன் செருபாபேல் எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தபோது தீர்க்கதரிசி மூலம் வந்த வார்த்தை. மொபைல் கடைக்குச் சொன்னதில்லைதான். ஆனாலும் பேசுவது யார் என்பதில் சிக்கல் இல்லை.

பாளை வாசகி:
தம்பிக்கு நாலாம் வசனத்தை வாசித்துக் காட்டினேன். "ஐயோ, மாத்திடு அக்கா" என்றுவிட்டான். நன்றி அண்ணாச்சி. அம்மாதான் இன்னும் பில்தாத்தை விடமாட்டேன் என்கிறார்கள்.