பத்து ஏக்கர் வகையறா (குடும்பக் குழு, செயின்ட் ஹெலினா தீவு, தெற்கு கரோலினா)

திங்கள்

டெலோரஸ்: அக்கா அடக்கம் சனிக்கிழமை. 11 மணிக்கு பிரிக் பாப்டிஸ்ட் சர்ச். அப்புறம் ஓடைக்கரையில் நம் இடுகாடு. யார் யார் எப்போது வருகிறீர்கள் என்று இன்றைக்கே சொல்லுங்கள்.

தான்யா: 😢 சார்லட்டிலிருந்து வெள்ளி மதியம். குழந்தையும் வருகிறாள்.

ரெஜி: வெள்ளி ராத்திரி. அட்லாண்டாவில் வேலை முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

மார்கஸ்: சாவி என்னிடம் இருக்கிறது.

டெலோரஸ்: என்னிடமும் ஒன்று இருக்கிறது.

மார்கஸ்: அது பழைய பூட்டு, அத்தை. மாத்யூ புயலுக்கு அப்புறம் மாற்றியாச்சு.

டெலோரஸ்: என்னிடம் யார் சொன்னது?

கர்ட்டிஸ்: நான் ரயில். எங்கே இறங்க வேண்டும்? சின்ன வயதில் அப்பாவோடு வந்தது.

ஐசக்: கர்ட்டிஸ், பால்மெட்டோ ரயில் பிலடெல்பியாவிலேயே நிற்கும், ஏறிக்கொள். யெமஸியில் இறங்கு. சார்ல்ஸ்டன் என்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடாதே. மார்கஸ் வந்து கூட்டிப்போவான். காரில் வருகிறவர்கள் பியூஃபர்ட்டில் வுட்ஸ் பாலத்துக்குப் போக வேண்டாம். படகு வந்தால் பாலத்தைத் திறந்துவிடுவார்கள், நீங்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். மெக்டியர் பாலம் வழியாக லேடீஸ் தீவு, அங்கிருந்து நேரே செயின்ட் ஹெலினா. எங்கள் தாத்தா காலத்தில் பாலமே கிடையாது, படகுதான்.

ரெஜி: சித்தப்பா, கூகுள் மேப் இருக்கிறது.

ஐசக்: அது வுட்ஸ் பாலத்தைத்தான் காட்டும்.

மார்கஸ்: [படம்]

மார்கஸ்: ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது. சொத்து வரி. ஜனவரி 15 கடைசி நாள். மேலே பெரியத்தை கையெழுத்தில் "இது முதலில்" என்று இருக்கிறது.

டெலோரஸ்: சிவப்புச் சோறு நான் செய்கிறேன். கொல்லார்ட் கீரை யார்?

ரெஜி: இறால் உண்டா மார்கஸ்?

மார்கஸ்: ஜனவரியில் இறாலா? அட்லாண்டாக்காரனாகவே ஆகிவிட்டாய். சிப்பி கொண்டு வருகிறேன். இரண்டு மூட்டை போதுமா?

கர்ட்டிஸ்: அந்த வரியை இத்தனை நாள் யார் கட்டினார்கள்?

மார்கஸ்: பெரியத்தை.

கர்ட்டிஸ்: தனியாகவா?

மார்கஸ்: ஆமாம்.

செவ்வாய்

ஐசக்: ராத்திரி தூக்கம் வரவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். 1861 நவம்பர் 7. உள்நாட்டுப் போர். போர்ட் ராயலில் வடக்குப் படையின் கப்பல்கள் பீரங்கி சுட்டன. பண்ணை முதலாளிகள் போட்டது போட்டபடி தீவை விட்டு ஓடினார்கள். அந்தப் பண்ணைகளில் அடிமைகளாக இருந்த நம் ஆட்கள் எங்கும் போகவில்லை. மறு வருஷமே நம் ஆட்களுக்கென்று பென் பள்ளிக்கூடம் வந்தது. நம் பிரிக் சர்ச்சில்தான் வகுப்பு நடத்தினார்கள். அதே சர்ச்சை 1855-ல் கட்டினதும் நம் ஆட்கள்தான், கட்டிவிட்டு உட்கார்ந்தது மாடியில், வெள்ளைக்காரர்கள் கீழே. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓடிப்போனவர்கள் மத்திய அரசுக்கு நிலவரி கட்டவில்லை. அதனால் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. அப்படித்தான் நம் ஆட்கள் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று துண்டு துண்டாக வாங்கினார்கள். அவர்கள் வரி கட்டாமல் விட்ட நிலத்தை நாமும் வரி கட்டாமல் விட்டால் ஊர் சிரிக்கும். இங்கே வரி பாக்கி என்றால் ஏலம். ஏலம் போன ஒரு வருஷத்துக்குள் கட்டி மீட்கலாம். அதோடு சரி.

தான்யா: எவ்வளவு சித்தப்பா?

ஐசக்: எது?

தான்யா: வரி.

மார்கஸ்: படத்தில் இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள்.

டெலோரஸ்: ஐசக், நீ ரிடையர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு? இன்னும் வகுப்பு முடியவில்லை.

கர்ட்டிஸ்: ஒரு விஷயம். ஒரு கம்பெனி எனக்குக் கடிதம் போட்டிருக்கிறது. என் பங்கை மட்டும் வாங்கிக்கொள்கிறார்களாம். நவம்பரில் வந்தது.

டெலோரஸ்: நவம்பரிலா??

டெலோரஸ்: அக்கா உயிரோடு இருந்தாள் அப்போது.

கர்ட்டிஸ்: நான் கையெழுத்துப் போடவில்லை அத்தை. ரேச்சலுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதை இந்தக் குழுவில் யாராவது ஒரு தடவை கேட்டதுண்டா?

ரெஜி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தான்யா: எதை அழித்தாய்?

ரெஜி: ஒன்றுமில்லை.

கர்ட்டிஸ்: நான் படித்துவிட்டேன் ரெஜி.

ஐசக்: யாரும் சண்டை போட வேண்டாம், யாரும் கையெழுத்தும் போட வேண்டாம். பத்திரம் இன்னும் கொள்ளுத்தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அவர் உயில் எழுதவில்லை, தாத்தாவும் எழுதவில்லை. அதனால் இது பங்காளி நிலம், எல்லாருக்கும் எல்லா மண்ணிலும் பங்கு. ஒருத்தன் துளிப் பங்கை விற்றாலும் வாங்கினவன் கோர்ட்டுக்குப் போய் மொத்தத்தையும் விற்றுப் பணமாகப் பிரித்துக் கொடு என்று கேட்கலாம். இந்தக் கடலோரத்தில் எத்தனை குடும்பம் அப்படிப் போச்சு. இப்போது ஒரு சட்டம் இருக்கிறது, 2017 ஜனவரியிலிருந்து. யாராவது விற்கக் கேட்டால் கோர்ட் மதிப்புப் போட்டு முதலில் மற்றப் பங்காளிகளுக்கு வாங்க வாய்ப்புத் தர வேண்டும். கிளெமென்டா பிங்க்னி பெயரில் உள்ள சட்டம். 2015-ல் சார்ல்ஸ்டன் இமானுவேல் சர்ச்சில் சுட்டுக் கொன்றார்களே, அந்தப் பாஸ்டர், நம் மாநில செனட்டர்.

மார்கஸ்: வாங்கப் பணம்?

ஐசக்: அதைச் சட்டம் சொல்லவில்லை.

மார்கஸ்: மாத்யூவில் கூரை போனபோது உதவிப் பணம் கேட்டோம். பத்திரம் பெரியத்தை பெயரில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எத்தனை மாதம் இருந்தார்கள் தெரியுமா? நானும் அப்பாவும்தான் தகரம் அடித்தோம்.

பெர்னிஸ்: [குரல் பதிவு 3:40]

டெலோரஸ்: அண்ணி, யாருக்கு இதைக் கேட்க நேரம்?

தான்யா: நான் எழுதுகிறேன். அம்மா சொல்வது: ஹில்டன் ஹெட்டுக்கு 1956-ல் பாலம் வந்தது. அதுவரை நம் நிலத்தை யாரும் சீண்டவில்லை. அப்புறம் வந்த கடிதமெல்லாம் ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனியாகத்தான் வந்தது. இப்போது அம்மாவின் அப்பா சமாதி கேட் போட்ட ஒரு குடியிருப்புக்கு உள்ளே. வாசலில் சீட்டு வாங்கி, கார் கண்ணாடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு தடவை காவலாள் யாரைப் பார்க்க என்று கேட்டாராம். எங்கப்பாவை என்றாராம் அம்மா. வீட்டு எண் என்ன என்று கேட்டாராம்.

ரெஜி: கடவுளே.

ஐசக்: அதனால்தான் இங்கே 1999-லேயே கவுன்ட்டி விதி கொண்டுவந்தோம். செயின்ட் ஹெலினாவில் கேட் போட்ட குடியிருப்பு, ரிசார்ட், கோல்ஃப் மைதானம் கூடாது. பைன் தீவில் கோல்ஃப் கேட்டு வந்தார்களே, 2023-ல் கவுன்சில் விதியைத் தளர்த்த மறுத்தது. நானும் அந்தக் கூட்டத்தில் பேசினேன்.

டெலோரஸ்: எத்தனை நிமிஷம் என்று கேட்காதீர்கள்.

ஐசக்: அந்த விதி கோல்ஃபைத் தடுக்கும். பங்காளி கையெழுத்தைத் தடுக்காது.

புதன்

டெலோரஸ்: மார்கஸ், அக்கா கடைசியாகக் குடித்த கோப்பை எது? சமாதிமேல் வைக்க வேண்டும்.

மார்கஸ்: சிங்க்கில் கிடக்கிறது. நீலக் கோப்பை, பிடி இல்லாதது. அடியில் காப்பி காய்ந்து கறுப்பு வட்டமாக ஒட்டியிருக்கிறது. கழுவட்டுமா?

டெலோரஸ்: கழுவாதே.

ஐசக்: கழுவினால் என்ன? எப்படியும் அடியை உடைத்துத்தான் வைக்க வேண்டும்.

டெலோரஸ்: உடைப்பது இருக்கட்டும். கழுவாதே என்றேன்.

டெலோரஸ்: தான்யா, நம் வழக்கப்படி பாப்பாவைச் சவப்பெட்டிக்கு மேலே கைமாற்றித் தர வேண்டும். இப்போது குடும்பத்தில் அவள்தான் சின்னவள்.

தான்யா: அத்தை, அவளுக்குச் சளி.

டெலோரஸ்: அரை நொடி வேலை.

தான்யா: அவள் அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

பெர்னிஸ்: உன்னையும் அப்படித்தான் கைமாற்றினோம். நீ சிரித்தாய்.

டெலோரஸ்: ஐசக், வாரிசுப் பட்டியல் போடும்போது அம்மாவின் தையல் மெஷின் எங்கே என்றும் எழுது.

பெர்னிஸ்: என்னிடம்தான் இருக்கிறது. அத்தை எனக்குக் கொடுத்தார்கள்.

டெலோரஸ்: கொடுத்ததை வேறு யாரும் பார்க்கவில்லை அண்ணி.

ரெஜி: வரிக்கு நான் 200 டாலர் போடுகிறேன். ஆப்பில் யாருக்கு அனுப்ப?

ஐசக்: ஆப் எல்லாம் வேண்டாம். செக் எழுது.

ரெஜி: என்னிடம் செக் புத்தகம் இல்லை சித்தப்பா.

மார்கஸ்: எனக்கு அனுப்பு, நான் கவுன்ட்டி ஆபீஸில் கட்டிவிடுகிறேன். மிச்சம்?

கர்ட்டிஸ்: என்னால் 50 முடியும். கடிதத்தைக் கையோடு கொண்டு வருகிறேன். சித்தப்பா படித்துப் பார்க்கட்டும். கிழித்துவிடுவேன் என்று இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன்.

டெலோரஸ்: ரேச்சல் வருவாளா?

கர்ட்டிஸ்: சனிக்கிழமை அவளுக்கு டயாலிசிஸ், அத்தை.

டெலோரஸ்: சரி. நான் ராத்திரி அவளைக் கூப்பிடுகிறேன்.

ஐசக்: பட்டியல் போட்டுப் பார்த்தேன். 43 வாரிசு தேறுகிறது. கலிபோர்னியாக் கிளை சேர்க்காமல். நாளைக்கு அச்சடித்துக் கொண்டு வருகிறேன், சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் அவரவர் பெயருக்கு நேரே முகவரி எழுத வேண்டும்.

மார்கஸ்: [படம்]

மார்கஸ்: அப்பா மேசைமேல் வைத்திருந்தார். 12-ஆவது "பட்", 31-ஆவது லூயிஸ். இரண்டும் ஒரே ஆள்தானே?

டெலோரஸ்: ஒரே ஆள்தான். பட் வீட்டில் கூப்பிடும் பெயர்.

ஐசக்: அப்படியென்றால் 42. இரு, பட்டுக்கு சவானாவில் இன்னொரு குடும்பம் உண்டே?

டெலோரஸ்: அதை இங்கே பேசாதே.

ரெஜி: என்ன???