வீட்டில் பலர் ஓட்டும் மின்சார ஸ்கூட்டர்: வேக வரம்பை ஆளுக்கேற்ப மாற்றினால் போதுமா?

கேள்வி: மடிப்பாக்கம் வாசி

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த பெட்ரோல் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்க இருக்கிறோம். காலையில் மனைவியை வேளச்சேரி ரயில் நிலையத்தில் விட்டு வருவது நான். பகலில் என் அப்பா, வயது 67, நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்கும் கடைக்கும் எடுத்துச் செல்வார். மாலையில் பிளஸ் ஒன் படிக்கும் மகள் இரண்டு தெரு தள்ளி டியூஷனுக்குப் போக வேண்டும். எனக்கு 60, அப்பாவுக்கு 35, மகளுக்கு 25 என்று வேக வரம்பை மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும் என்று கேட்டபோது, ஒரு ஷோரூமில், “25-இல் பூட்டிவிட்டால் லைசென்ஸே தேவையில்லை, பாப்பாவும் ஓட்டலாம்” என்றார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஆதம்பாக்கத்திலிருந்து

ஐயா, உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். ஷோரூமில் சொன்னது தவறு, அதுவும் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடிய தவறு. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, அவ்வாறே சோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற வண்டிக்குத்தான் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. அந்த விலக்கு வண்டியின் பிறப்போடு வருவது. 70, 80 வேகம் போகும்படி செய்து பச்சைப் பலகையில் எண் எழுதிய ஸ்கூட்டரை நாம் திரையில் 25-க்குக் குறைத்துவிட்டதால் வந்துவிடாது.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைக் கட்டாயம் படியுங்கள். உரிமம் இல்லாத சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற முடியாது. இரண்டு தெரு தூரத்துக்காக இத்தனையையும் ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? அப்பாவின் லைசென்ஸ் காலாவதியாகவில்லையே என்பதையும் பார்த்துவிடுங்கள். 55 வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பித்துத் தருவார்கள். மருத்துவச் சான்றும் கேட்பார்கள்.

பதில் 2: மேடவாக்கம், இருசக்கர வாகனப் பட்டறை

சட்டத்தை நண்பர் சொல்லிவிட்டார்; நான் வண்டிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். மின்சார வண்டியில் நீங்கள் ஆக்சிலரேட்டரைத் திருகுவது ஒரு வேண்டுகோள் மட்டுமே, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் விடுவது என்பதைக் கன்ட்ரோலர்தான் தீர்மானிக்கிறது. வேக வரம்பு வைத்தால் அந்த வேகம் வந்ததும் அது மின்சாரத்தைக் குறைத்துவிடும். ஆனால் நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்தை எட்டும்வரை எவ்வளவு உதைத்துக்கொண்டு பாய்கிறது என்பது வேறு கணக்கு. சில வண்டிகளில், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஈகோ (Eco) முறைக்கு மாற்றினால் பிக்கப்பும் சேர்ந்து அடங்கும்; சிலவற்றில் உச்ச வேகம் மட்டுமே குறையும். முதியவர் ஓட்டும் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது வரம்பை 30-இல் வைத்துக்கொண்டு, ஆளில்லாத இடத்தில் நின்ற நிலையிலிருந்து திருகிப் பாருங்கள், உங்கள் கைக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது பூட்டு. கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தியே முறையை மாற்றலாம் என்றால் அது வரம்பே அல்ல. ரகசிய எண் கேட்க வேண்டும். வண்டியை அணைத்துப் போட்ட பிறகும் வைத்த வரம்பு நிலைக்க வேண்டும். எங்களிடம் வந்த ஒரு வண்டியில் சாவியை அணைத்துப் போட்ட ஒவ்வொரு முறையும் வரம்பு தானாக நீங்கியது. வண்டிக்குச் சொந்தக்காரர் இரண்டு மாதம் அதைக் கவனிக்கவேயில்லை. கைபேசிச் செயலி வழியாகத்தான் மாற்ற முடியும் என்றால், சிக்னல் கிடைக்காத அடித்தள நிறுத்துமிடத்தில் அது வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

வரம்பை மிகவும் குறைப்பதும் ஆபத்துதான். எல்லாரும் 50-இல் போகும் ரேடியல் சாலையில் 25-இல் ஊர்ந்தால் பின்னால் வரும் தண்ணீர் லாரிக்காரருக்கு உங்கள் அப்பா ஒரு தடைக்கல்லாகத் தெரிவார். இன்னொன்று: 25 வேக வண்டிகளில் வரம்புக்கென ஒரு சிறு வயர் இருக்கும். அதைப் பிரித்துவிடச் சொல்லி என்னிடம் வருகிறார்கள், நான் செய்வதில்லை. பிரித்த கணமே அது பதிவில்லாத, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனமாகிவிடும்.

பதில் 3: பெருங்குடியிலிருந்து

என் அம்மாவுக்காக இதே வசதியைப் பார்த்து ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன், வரம்பு 30. வாங்கிய மூன்றாம் வாரம், குடியிருப்பின் தூணுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் நிறுத்தியிருந்த வண்டியை அம்மா பின்னால் இழுத்தபோது, பிடிமானத்துக்காக வலக்கைப் பிடியை இறுக்கியிருக்கிறார். ஓசை ஏதும் இல்லாததால் வண்டி உயிரோடிருப்பது அவருக்குத் தெரியவில்லை. முன்னால் பாய்ந்து தூணில் இடித்துச் சாய்ந்தது. மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஓரடி தூரத்தில் 30 என்ற வரம்புக்கு எந்த வேலையும் இல்லை.

ஆகையால் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் மோட்டார் இயங்காத வண்டியா, பின்னோக்கி நகர்த்தும் வசதி உண்டா, அப்பா உட்கார்ந்தால் இரு பாதங்களும் முழுதாகத் தரையில் படுகின்றனவா என்பவற்றை வேகத்துக்கு முன் பாருங்கள். இந்த வண்டிகள் பெரும்பாலும் 100 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை, சாய்ந்தால் தாங்குவது கடினம். உங்கள் பகுதியில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் என்பதால், சார்ஜ் செய்யும் பிளக்கை மார்பளவு உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

மகளுக்கு ஒரு மின்சார சைக்கிள் வாங்கலாமே. முதல் நண்பர் சொன்ன 250 வாட், 25 வேக வரம்புகளுக்குள் சான்று பெற்ற வகையில் பதிவோ உரிமமோ தேவையில்லை. மிதிக்கும்போது மோட்டார் எவ்வளவு கைகொடுக்க வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளலாம். பேட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துச் சென்று சார்ஜ் போடும் வகையும் இருக்கிறது. சீட்டை ஏற்றி இறக்கினால் நீங்களும் ஓட்டலாம். தலைக்கவசம் மட்டும் மறக்காமல் வாங்கிக் கொடுங்கள்.

மடிப்பாக்கம் வாசி:

மூவருக்கும் நன்றி. அம்மா நலமடைந்திருப்பார் என நம்புகிறேன். அப்பாவின் லைசென்ஸை எடுத்துப் பார்த்தேன், இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. மகளுக்கு சைக்கிள் என்று முடிவாகிவிட்டது. முதலில் முகம் சுளித்தாள், 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது என்ற பகுதியைக் காட்டியதும் நிறம் எது என்று கேட்டாள். சனிக்கிழமை அப்பாவையும் அழைத்துக்கொண்டு வேறொரு ஷோரூமுக்குப் போகிறோம். வண்டியை முதலில் ஓட்டாமல், சைடு ஸ்டாண்டிலிருந்து எடுத்துப் பின்னால் நகர்த்திப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.