பதினைந்து எழுத்தும் ஒரு கைநாட்டும்: ஓய்வுபெற்ற பேஸ்பால் நட்சத்திரங்களிடம் கையெழுத்து வாங்கிய அனுபவங்கள்

மினியாப்பொலிஸிலிருந்து ஓர் உறுப்பினர்:

கிரிக்கெட்டைத் தவிர வேறெந்தப் பந்தாட்டத்தையும் பொருட்படுத்தாமல் வளர்ந்த நான், வேலை நிமித்தம் மினசோட்டாவுக்கு வந்து மூன்று குளிர்காலங்களைக் கழித்த பிறகும், பேஸ்பாலை ஏதோ கில்லி தாண்டலின் பணக்காரப் பங்காளி என்ற அளவிலேதான் மதித்து வந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர். சிறுவயதில் தந்தையோடு பழைய மெட்ரோபாலிட்டன் மைதானத்தில் அமர்ந்து ஹார்மன் கில்லப்ரூவின் ஆட்டத்தைப் பார்த்தவர் அவர். மினசோட்டாவின் பேஸ்பால் அணியான ட்வின்ஸ் ஆண்டுதோறும் ஜனவரியில் நடத்தும் ரசிகர் விழாவுக்குக் கில்லப்ரூ வருகிறார் என்று தெரிந்ததும், எனக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டு, ஒரு புதுப் பந்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

கில்லப்ரூ யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐடஹோ மாநிலத்தின் பேயட் என்னும் சிற்றூரில் 1936இல் பிறந்தவர். பதினெட்டு வயது நிறையும் முன்பே, 1954இல், வாஷிங்டன் அணியில் இடம்பெற்று, அந்த அணி 1961இல் மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்து ட்வின்ஸ் ஆனபோது உடன் வந்தவர். 1975இல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 573 ஹோம் ரன்கள், அதாவது கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடிகள், இருந்தன. 1984இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். பெயரை வைத்து எல்லாரும் அவரைக் 'கில்லர்' என்று அழைத்தாலும், அத்தனை சாதுவான மனிதரை ஆட்டக்களத்தில் பார்ப்பது அரிது என்று அவரோடு ஆடியவர்களும் எதிர்த்து ஆடியவர்களும் ஒருசேரச் சொல்வார்கள்.

விழா நடந்தது அணியின் அப்போதைய உள்ளரங்க மைதானமான மெட்ரோடோமில். காற்றழுத்தத்தால் தாங்கி நிறுத்தப்பட்ட துணிக்கூரையின் கீழே, வெளியே மூக்கு உறையும் குளிர் அடித்தாலும், உள்ளே மேலங்கியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. ஆடுகளத்தின் செயற்கைப் புல்மீது மேசைகள் போட்டு, ஒவ்வொரு மேசையிலும் சில வீரர்கள் அமர்ந்திருந்தார்கள். நான் செய்த முதல் தவறு பேனா. கையெழுத்து என்றால் தடித்த மார்க்கர்தான் என்று நினைத்து அதையே சட்டைப்பையில் செருகிக்கொண்டு போயிருந்தேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, பந்தின் தோலில் மார்க்கர் மை சில ஆண்டுகளில் கசிந்து எழுத்தின் ஓரங்கள் பூத்துப்போகும் என்றும், நீல நிறப் பால்பாயிண்ட் பேனாவே தகும் என்றும் எடுத்துச் சொல்லி, தம்மிடமிருந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்தார். கிரிக்கெட் பந்தில் தையல் நடுவே நேராக ஓடும். பேஸ்பாலிலோ 108 இரட்டைத் தையல்கள் குதிரைலாடம்போல் வளைந்து சுற்றி, ஓரிடத்தில் ஒன்றையொன்று நெருங்கி வரும். அந்த நெருங்கிய இடைவெளியில் ஒற்றைக் கையெழுத்து விழுந்தால்தான் பந்துக்கு மதிப்பு என்பதையும் அவரிடமே கற்றேன். ஒன்றரை மணிநேர வரிசை என்பதால் பாடம் முழுமையாகவே நடந்தது.

கில்லப்ரூ மேசைக்கு மேலே தெரிந்த வரையில் அகன்ற தோள்களும் வழுக்கைத் தலையுமாக, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைப் போல இருந்தார். பக்கத்தில் இருந்த இளம் வீரர்களின் வரிசை வேகமாக நகர்ந்தது. இவருடையது நகரவே இல்லை. காரணம் அருகில் போன பிறகுதான் விளங்கியது. அவர் கையெழுத்துப் போடவில்லை, பெயரை எழுதினார். பெரிய 'எச்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே படிக்கும்படி, இரண்டு 'எல்' எழுத்துகளும் ஒரே உயரத்தில், நான்குகோட்டு ஏட்டில் எழுதிப் பழகிய பிள்ளையைப் போல எழுதினார். என் முறை வந்தபோது, பந்தின் பக்கவாட்டில் என் பெயரையும் எழுத இயலுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஆங்கிலத்தில் என் பெயருக்குப் பதினைந்து எழுத்துகள். அமெரிக்கா வந்த நாள்முதல் காப்பிக்கடை முதல் அலுவலகம் வரை எங்கும் முதல் நான்கு எழுத்தோடு நிறுத்திப் பழகியிருந்த நான், அன்றும் அந்த நான்கையே சொன்னேன். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அவர் சற்றுக் குனிந்து பார்த்தார். பிறகு அதில் இருந்தபடியே பதினைந்து எழுத்தையும், ஒன்றைக்கூட விடாமல், அட்டையையும் பந்தையும் மாறிமாறிப் பார்த்து எழுதி முடித்தார். அந்த வரிசையின் கடைசியில் நின்றவர்கள் என்னைச் சபித்திருப்பார்கள்.

இந்த அக்கறை தற்செயலானதல்ல என்பது பின்னால் தெரிந்தது. ட்வின்ஸ் அணியின் டோரி ஹன்ட்டர் இளைஞராக இருந்தபோது கிறுக்கலாகக் கையெழுத்திட்டதைப் பார்த்து, படிக்க முடியாத பெயரால் யாருக்கு என்ன பயன் என்று கில்லப்ரூ கண்டித்ததையும், அன்றிலிருந்து தாம் தெளிவாக எழுதத் தொடங்கியதையும் ஹன்ட்டரே பலமுறை சொல்லியிருக்கிறார். மைக்கேல் கடாயர் உள்ளிட்ட அடுத்த தலைமுறையினரும் இதே பாடத்தைப் பெற்றவர்கள். பந்தை வாங்கிச் செல்லும் சிறுவன் நாளை அதைப் பார்க்கும்போது யார் எழுதியது என்று தெரிய வேண்டாமா என்பதே அவருடைய வாதம். எங்கள் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் முழுக் கையொப்பமிட்ட என் தாத்தாவுக்கு இந்த வாதம் மிகவும் பிடித்திருக்கும். வங்கிக் காசோலையில் புழு நெளிந்ததுபோல் கையெழுத்திடும் எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

இனி என் இரண்டாவது தவறு. பந்தை வாங்கிய பரவசத்தில், மை உலரும் முன்பே அதை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலைச் சரியாகக் கையெழுத்தின்மேலேயே அழுத்திவிட்டேன். பெயரின் கடைசி எழுத்து வலப்பக்கமாக இழுபட்டு, அதன்மேல் என் விரல்ரேகையின் நான்கைந்து கோடுகள் நீலமாகப் பதிந்துவிட்டன. பெரியவர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கையெழுத்து கில்லப்ரூவுடையது, கைநாட்டு என்னுடையது என்று நான் சொன்னதை அவருக்கு விளக்கப் பத்து நிமிடம் ஆனது. எழுதத் தெரியாதவர்கள் பத்திரத்தில் விரல்ரேகை வைக்கும் வழக்கம் எங்கள் ஊரில் உண்டு என்று தொடங்க வேண்டியதாயிற்று.

திரும்பும் வழியில் அவர் என்னை மால் ஆஃப் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். மெட்ரோபாலிட்டன் மைதானத்தை இடித்த இடத்தில்தான் அந்த வணிக வளாகம் 1992இல் திறக்கப்பட்டது. வளாகத்தின் நடுவில் உள்ள பொழுதுபோக்குப் பூங்காவின் தரையில், முன்பு பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் இருந்த இடத்தில், ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால், ராட்டினங்களுக்கெல்லாம் அப்பால், எதிர்ச்சுவரின் உச்சியில் ஒரே ஒரு சிவப்பு நாற்காலி தொங்குகிறது. 1967 ஜூன் 3 அன்று லூ பர்டெட் வீசிய பந்தைக் கில்லப்ரூ 520 அடி தொலைவுக்கு அடித்தபோது அது போய் விழுந்த இருக்கையைக் குறிப்பது அந்த நாற்காலி. தகட்டின்மேல் நின்றபடி சட்டைப்பையிலிருந்த பந்தைத் தொட்டுப் பார்த்தேன். அந்தத் தொலைவுக்கு ஒரு பந்தை அடித்த கை, அரைமணி முன்பு என் பெயரின் பதினைந்தாவது எழுத்துக்குப் பிறகு ஒரு சிறு காற்புள்ளி வைத்ததை நினைத்துக்கொண்டேன்.

கில்லப்ரூ 2011 மே 17 அன்று, உணவுக்குழாய்ப் புற்றுநோயால், 74ஆம் வயதில் காலமானார்.

கிளீவ்லாந்திலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே உள்ளதைப் படித்தபோது எனக்குப் பழைய பந்துவீச்சாளர் பாப் ஃபெல்லரின் நினைவு வந்தது. அவருடைய கையெழுத்து இல்லாத பந்துதான் இன்று கிடைப்பதற்கு அரியது என்று சேகரிப்பாளர்கள் கேலி செய்வார்கள். அந்த அளவுக்கு ஊர் ஊராகச் சென்று, கேட்டவர்க்கெல்லாம் கையெழுத்திட்டவர். சில இடங்களில் கட்டணமும் வாங்குவார். அதைக் குறையாகச் சொன்னவர்களும் உண்டு. என்னைப் பொறுத்தவரை, எண்பது வயதுக்கு மேல் வெயிலில் மேசை போட்டு உட்கார்ந்து உழைத்துச் சம்பாதிப்பவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

இந்தியக் கடற்படையில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய என் அப்பா ஒரு கோடையில் எங்களோடு தங்கியிருந்தார். பேஸ்பாலில் அவருக்கு ஒன்றும் தெரியாது. சிறு அணியொன்றின் மைதானத்துக்கு ஃபெல்லர் வந்திருந்தபோது, வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அவரையும் கூட்டிச் சென்றேன். வரிசையில் நின்றபடி, இவர் 266 ஆட்டங்களை வென்ற பந்துவீச்சாளர், 1940ஆம் ஆண்டின் தொடக்க நாள் ஆட்டத்தில் எதிரணியில் எவரையும் பந்தை அடித்துத் தளத்தை எட்டவிடாமல், அதாவது ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், வீசியவர் என்றெல்லாம் நான் விளக்கியதை அப்பா மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும், ஆட்டத்தின் உச்சத்தில் இருந்த 23 வயதில் கடற்படையில் சேர்ந்து, அலபாமா என்னும் போர்க்கப்பலில் விமான எதிர்ப்புப் பீரங்கிக் குழுவில் இருந்தவர் என்று சொன்னபோதுதான் அப்பா என் பக்கம் திரும்பி, அதை முதலில் சொல்வதற்கென்ன என்றார்.

மேசையருகே போனதும் அப்பா பந்தை நீட்டவில்லை, கையை நீட்டினார். தாமும் கடற்படைக்காரர், பீரங்கிப் பிரிவு என்று தம்முடைய கறாரான ஆங்கிலத்தில் சொன்னார். ஃபெல்லர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைகுலுக்கினார். பின்னால் நின்றவர்கள் பொறுமையிழக்கும் வரை இருவரும் பேசிக்கொண்டார்கள். இடையிடையே குண்டு நிரப்புவதைக் கையாலேயே காட்டினார்கள். நான் அருகில் நின்றும் பாதி புரியவில்லை. போரினால் ஏறக்குறைய நான்கு பருவங்களை இழந்தும் அதற்காக வருந்தாதவர் ஃபெல்லர். தம்மை மாவீரர் என்று எவரேனும் புகழ்ந்தால், மாவீரர்கள் திரும்பி வருவதில்லை, பிழைத்தவர்களே திரும்பி வந்தோம் என்பார். அப்பா காரில் ஏறிய பிறகு, பந்தில் கையெழுத்து வாங்க மறந்துவிட்டதை நான் சொல்ல, பரவாயில்லை, அவர் நல்ல மனிதர் என்றார். இறங்கி ஓடிப்போய், மறுபடியும் வரிசையில் நின்று நான்தான் வாங்கி வந்தேன். ஃபெல்லர் 2010 டிசம்பரில், 92ஆம் வயதில் மறைந்தார். அந்தப் பந்து இப்போது ஊரில், அப்பாவின் பதக்கங்கள் இருக்கும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

கலிஃபோர்னியாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

என்னுடையது வாங்காமல் வந்த கதை. லாஸ் வேகாஸில் ஒரு நினைவுப்பொருள் கடையில் பீட் ரோஸ் அமர்ந்து கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். 4,256 ஹிட்கள் என்ற சாதனைக்குச் சொந்தக்காரர்; சூதாட்டப் புகாரில் 1989இல் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர். பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்கு வருந்துகிறேன் என்ற வாசகத்தை எழுதிக் கையெழுத்திட்ட பந்துகளையும் அவர் விற்றதுண்டு. மன்னிப்புக்குக்கூட விலைச்சீட்டா என்று முகம் சுளித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். வாங்க வந்த ஒரு சிறுவனிடம் பேட்டைப் பிடிக்கும் விதத்தைக் கையில் பேனாவை வைத்துக்கொண்டே காட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்துக்கு அவர் தனியாகக் காசு வாங்கியதாகத் தெரியவில்லை. அப்போதும் நான் உள்ளே போகவில்லை. 2024 செப்டம்பர் 30 அன்று அவர் இறந்த செய்தி வந்தபோது, அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளியிருக்கலாம் என்று தோன்றியது.

மினியாப்பொலிஸ் உறுப்பினரின் மறுமொழி:

பந்தை எப்படிப் பாதுகாக்கிறேன் என்று தனிமடலில் இருவர் கேட்டிருந்தார்கள். புற ஊதாக்கதிரைத் தடுக்கும் கனசதுரப் பெட்டியில், வெயிலும் நீராவியும் படாத அறையில் வைத்திருக்கிறேன், கையால் தொடுவதில்லை. பால்பாயிண்ட் மைக்கு ஒளிதான் முதல் எதிரி. வாங்குகிறவர்கள் கடையில் விற்கும் பந்துகளை நம்பிவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 1990களில் எஃப்பிஐ நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில், புகழ்பெற்ற வீரர்களின் பெயரில் போலிக் கையெழுத்துகளைப் பெருமளவில் உற்பத்தி செய்த கும்பலே பிடிபட்டது. கண்முன்னால் எழுதி வாங்குவதற்கு ஈடான சான்றிதழ் கிடையாது.

என் பந்தையும் ஒருமுறை கண்காட்சிக்கு வந்த மதிப்பீட்டாளரிடம் காட்டினேன். கையெழுத்து அசல் என்றார். பெறுபவரின் பெயர் எழுதப்பட்டிருப்பதால் விலை குறையும், இழுபட்ட கடைசி எழுத்தால் இன்னும் குறையும் என்றார். பிறகு பூதக்கண்ணாடியை ரேகைமேல் பிடித்து, இது யாருடையது என்று கேட்டார். கட்டைவிரலைக் காட்டினேன்.