சென்னை–கொல்லம்: செங்கோட்டைக்கு மேல் தனிக்கணக்கு

சென்னையிலிருந்து கொல்லத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டிருந்தவருக்கு: செங்கோட்டை வழி ரயிலில் சுமார் 760 கிலோமீட்டர். சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை, ஏறக்குறைய 16 மணி நேரம். ஆனால் கிலோமீட்டரை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நான் போட்டுப் பட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் குளத்தூப்புழை ரப்பர் எஸ்டேட்டில். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் பலர் இங்கே பால்வெட்டு வேலைக்குக் குடியேறினார்கள். தாத்தா பாட்டியும் அப்படித்தான். 2014-இல் பாட்டி தவறிவிட்டார். அகலப்பாதை வேலைக்காக 2010-லேயே செங்கோட்டை–புனலூர் ரயிலை நிறுத்தியிருந்தார்கள். சென்னையிலிருந்து பொதிகை ரயிலில் செங்கோட்டை வரை வந்து இறங்கி, சம்பங்கி மாலை ஒன்று வாங்கிக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். "வந்துட்டேன்ப்பா, இன்னும் நாற்பது கிலோமீட்டர்தான்."

"செங்கோட்டையா? அப்போ பாதி வழிதான் வந்திருக்கே" என்றார். கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அங்கிருந்து பஸ். மலைமேல் கேரள எல்லையான கோட்டைவாசல் தாண்டி ஒரு வளைவில் லாரி அச்சு முறிந்து நின்றது. நல்ல மழை. மூன்று மணி நேரம் பஸ் அசையவில்லை. மடியில் இருந்த இலைப் பொட்டலத்தை அடிக்கடி பிரித்துப் பார்த்தேன். பூ ஓரம் ஓரமாகப் பழுத்துக்கொண்டே வந்தது. பன்னிரண்டு மணிக்கு எடுக்க வேண்டிய பாட்டியை எனக்காக இரண்டரை வரை வைத்திருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா மட்டும் மாலையை வாங்கி, பழுத்த பூக்களைக் கிள்ளிவிட்டுப் போட்டார்.

2018-இல் ரயில் திரும்ப வந்துவிட்டது, பஸ் மாற வேண்டியதில்லை. அப்பவும் மலை மலைதான். செங்கோட்டையில் பின்னாலும் ஒரு எஞ்சின் கோத்துத் தள்ளுவார்கள். புனலூர் வரை 50 கிலோமீட்டர்தான், இரண்டரை மணி நேரம் பிடிக்கும். போகிற அன்றைக்கே முகூர்த்தமோ இன்டர்வியூவோ வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தின நாளே போய்விடுங்கள்.

தென்காசியிலிருந்து ஒரு சகோதரி:
படிச்சதும் மனசு கனத்துப்போச்சு அண்ணே. எங்க அம்மா புனலூரிலிருந்து மீட்டர்கேஜ் வண்டியில் கல்யாணமாகி வந்தவங்க. ரயில் திரும்ப விட்டதும் கூட்டிட்டுப் போனேன். பகவதிபுரம் தாண்டி குகைக்குள்ள வண்டி நுழைஞ்சப்போ என் கையைப் பிடிச்சாங்க. கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம் வர்ற வரைக்கும் விடலை. அவங்களுக்கு அந்த இரண்டரை மணி நேரம் போதவே இல்லை.

சுரண்டையிலிருந்து, காய்கறி லாரி ஓட்டுபவர்:
ஓணம் சமயத்தில் இன்னும் மோசம். எல்லையில் புளியரை செக்போஸ்ட்டிலேயே வரிசை நிற்கும். கொல்லத்துக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம்தான், நான் ஐந்து மணி நேரம் வைத்துத்தான் கிளம்புவேன். ஆரியங்காவு டீக்கடையில் எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள், கிலோமீட்டர் சொல்ல மாட்டார்கள். முதலில் "மேலே மழையா?" என்று கேட்பார்கள்.