மறுமொழி: மூக்கில் வைக்கும் 'காட்டரி'க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். மூக்கில் ரத்தம் கசியும் சிறு நாளத்தை மருந்துக் குச்சியாலோ மின்கருவியாலோ சுட்டு அடைப்பதே காட்டரி (cautery). அது முடிந்து வீடு திரும்பும் நோயாளிக்குக் கொடுக்கும் தாளின் வரைவைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> 'தீய்ப்பு' போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் சோறு அடிப்பிடித்தாலும் தீய்ந்தது என்றுதான் சொல்கிறோம். சில்லுமூக்கு உடைந்து ரத்தம் வந்ததென்று பிள்ளையை அழைத்து வந்த அம்மாவிடம், தீய்ப்பு முடிந்தது என்று ஒரு தாளை நீட்டினால் பதறிப்போவார். 'சுட்டிகை' (சூடு வைப்பது) என்பது என் பரிந்துரை. இது புதுச்சொல்லும் அல்ல. சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் ஒன்றாக இருப்பதே. 'வாளால் அறுத்துச் சுடினும்' என்று குலசேகராழ்வார் பாடும்போது சுடுகிறவர் மருத்துவர்தான்.

> சில்வர் நைட்ரேட் குச்சியில் நெருப்பே இல்லையே. அப்புறம் எப்படிச் சுட்டிகை?

நியாயமான கேள்வி. குச்சி ஈரத்தில் பட்டதும் மருந்து கரைந்து, அங்குள்ள புரதத்தை உறையவைத்து, கசியும் சிறு நாளத்தை அடைக்கிறது. வெப்பம் இல்லை, வேதிவினைதான். அதே 32இல் 'காரம்' என்றும் ஒன்று உண்டு, அரிக்கும் மருந்தை வைத்துச் சதையைச் சுடுவது. ஆகவே குச்சிக்குக் 'காரச் சுட்டிகை', மின்கருவிக்கு 'மின்சுட்டிகை', பொதுவில் வெறும் 'சுட்டிகை'. பள்ளி வேதியியலில் காரம் என்றால் அமிலத்துக்கு எதிரானது, சில்வர் நைட்ரேட்டோ ஓர் உப்பு. ஆசிரியர்கள் யாராவது சண்டைக்கு வந்தால் 'மருந்துச் சுட்டிகை' என்று மாற்றிக்கொள்ளலாம், எனக்குப் பிடிவாதம் இல்லை.

பிடிவாதம் வேறோர் இடத்தில். வரைவுத் தாளில் 'உறைபடலம் அகற்றப்படுதல் தவிர்க்கப்பட வேண்டும்' என்று இருக்கிறது. வீட்டுக்குப் போனபின் நோயாளிக்கு மிக முக்கியமான வரியே இதுதான், அதுவே புரியவில்லை. 'பொருக்கு' என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே! இப்படி எழுதலாம்:

"சுட்ட இடத்தில் பொருக்குக் கட்டும். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக உதிரும், அதுவரை நோண்டாதீர்கள். மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். முதல் ஓரிரு நாள் கொதிக்கும் காபி, வெந்நீர்க் குளியல் வேண்டாம். பாரம் தூக்காதீர்கள், மலம் கழிக்க முக்காதீர்கள். மருத்துவர் தந்த களிம்பைச் சொன்ன நாள்வரை தடவுங்கள்."

சிந்துவது, முக்குவது என்று அச்சில் எழுதக் கூச்சம் வேண்டாம். 'நாசி வெளியேற்றம்' என்று எழுதினால் யாரும் சிந்தாமல் இருக்கப் போவதில்லை.

மீண்டும் ரத்தம் வந்தால் என்ன செய்வது என்ற பத்தியில் 'மூக்கை அழுத்தவும்' என்று மட்டும் இருக்கிறது. நம் ஆட்கள் மூக்குத்தண்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து படுப்பார்கள், ரத்தம் தொண்டைக்குள் போகும். உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, எலும்புக்குக் கீழே மெத்தென்று இருக்கும் பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும், வாயால் மூச்சு விட வேண்டும், அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று விரித்தே எழுதுங்கள். இங்கே கலைச்சொல்லே தேவையில்லை.

> 'நாசி இடைத்தட்டு' சரியா?

மூக்கின் இரு துளைகளையும் பிரிக்கும் சுவர்தானே, 'நடுச்சுவர்' எளிது. பெரும்பாலான மூக்கு ரத்தக்கசிவு அதன் முன்பகுதியில்தான், பல தமனிகளின் கிளைகள் அங்கே வந்து சேர்கின்றன. அந்தச் சுவரின் குருத்தெலும்புக்கு இருபுறச் சவ்விலிருந்துதான் ஊட்டம். ஒரே நாளில் ஒரே இடத்தில் இருபக்கமும் சுட்டால் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. இன்னொரு பக்கத்துக்குச் சில வாரம் கழித்து வரச் சொல்வது ஏன் என்று நோயாளிகள் கேட்பார்களாம். 'சுவர்', 'ஓட்டை' என்றால் ஒரே வரியில் விளங்கிவிடும்.

ஒரு சந்தேகம்: பொருக்கைச் சில ஊர்களில் 'பக்கு' என்கிறார்கள். தாளில் இரண்டையும் போடலாமா? உங்கள் ஊர் வழக்கைச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.