ஏரி உள்வாயை ஒட்டிய பட்டா நிலத்தில் மனை போடுகிறார்கள், எங்கே போய்த் தடுப்பது?

கலங்கல்:
வணக்கம். மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர். ஏரிக்கு மேல்புறம், உள்வாயை, அதாவது தண்ணீர் தேங்கும் பக்கத்தை, ஒட்டிய ஆறு ஏக்கர் பட்டா நிலம் கைமாறிவிட்டது. இரண்டு வாரமாக டிப்பரில் செம்மண் வந்து இறங்குகிறது, கலர் கொடியும் நட்டாயிற்று. கார்த்திகையில் ஏரி நிரம்பினால் அங்கே முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும். தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் வெள்ளரி போடுவார்கள், நத்தைகுத்தி நாரைகள் அந்தச் சேற்றில்தான் மேயும். ஓரத்துப் பனைமரத்தில் தண்ணீர் நின்ற கறை அப்படியே இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்த பாசி விரலில் பொடியாக உதிர்ந்தது. அலுவலகத்தில் கேட்டால், "புறம்போக்கு இல்லையேம்மா, பட்டாவாச்சே" என்று அனுப்பிவிட்டார்கள். வேறு வழியே கிடையாதா?

பழைய சர்வேயர்:
அம்மா, நீங்கள் போனது ஆக்கிரமிப்பைப் பார்க்கிற இடம். 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஏரி எல்லைக்குள் இருக்கிறவர்களை அப்புறப்படுத்தத்தான். உங்கள் கேள்வி அதுவல்ல. பட்டா என்பது நிலம் யாருடையது என்று சொல்லும், அங்கே வீடு கட்டலாமா என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது மனைப்பிரிவு அனுமதி. நகர் ஊரமைப்புத் துறையில் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். கையெழுத்தாகும் முன்பு ஒரு மனு போதும், ஆன பிறகு வழக்குதான்.

2019 கட்டட விதிகளில் நீர்நிலை எல்லையிலிருந்து 15 மீட்டருக்குள் கட்டுவதை மறுக்க இடம் இருக்கிறது. ஆனால் அது வரைபடத்து எல்லையிலிருந்து அளப்பது. மேல்புறம் சரிவே இல்லாத தரை, மழைக்காலத்தில் தண்ணீர் எல்லைக் கல்லைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். அதனால் மீட்டரை நம்பாதீர்கள், மட்டத்தைப் பிடியுங்கள். கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்து வெளியேறும் இடம், அதன் தலைமட்டம்தான் ஏரியின் முழு மட்டம். அங்கிருந்து ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்து மட்டத்தைப் பனைமரம் வரை கொண்டுபோகச் சொல்லுங்கள், அரை நாள் வேலை. ஏரியின் மெமாயர் என்ற அரசுப் பதிவேட்டிலும் அந்த மட்டம் இருக்கும், நகல் கேளுங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரி பாசனம் தரும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். அப்புறம், புலப்படத்தில் (நிலத்தின் அளவை வரைபடம்) ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் அந்த நிலத்தின் வழியாக ஓடுகிறதா என்று பாருங்கள். பல ஊர்களில் ஏரி செத்தது கால்வாய் மூடியதால்தான்.

பெரும்பாக்கம் வாசி:
தடையில்லாச் சான்று வாங்கிவிட்டார்கள் என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள், நிபந்தனைகளைப் படியுங்கள். எங்கள் மனைக்கும் சான்று இருந்தது. "இத்தனை அடி மண் போட்டு உயர்த்துக" என்று எழுதியிருந்தது, உயர்த்தினோம். 2015 டிசம்பரில் எங்கள் வாசலில் நிற்க வேண்டிய தண்ணீர் பின்தெருவில் கழுத்தளவு நின்றது. அந்தத் தெருப் பாட்டியைக் கட்டிலோடு தூக்கி வந்தோம், இன்றும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பில் 1,247 ஹெக்டேருக்கு 2022-இல் ராம்சார் தகுதி, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்தது, மகிழ்ச்சிதான். அதற்கு வெளியே மண் போட்ட சதுப்பு திரும்பி வராது.

முன்னாள் வார்டு உறுப்பினர்:
கிராம சபையை விட்டுவிடாதே தங்கச்சி. நகர் ஊரமைப்புத் துறை தொழில்நுட்ப ஒப்புதல் கொடுத்தாலும் கடைசி அனுமதி ஊராட்சி வழியாகத்தான் வரும். "ஏரியைக் காக்க வேண்டும்" என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். புல எண், உட்பிரிவு, மண் கொட்டிய தேதி எல்லாம் எழுத வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் இடத்தை விட்டு எழுந்திரு, நகலை ஆட்சியருக்கு அனுப்பு. எங்கள் ஊரில் ஒரு தாங்கலை, சின்ன ஏரியை, அப்படித்தான் காப்பாற்றினோம்.

கலங்கல்:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மட்டம் எடுத்துவிட்டோம். பனைமரக் கறை கலங்கல் தலைக்கு நாலு விரல் மேலே இருக்கிறது. அந்த ஆறு ஏக்கரில் பாதிக்கு மேல் முழு மட்டத்துக்குக் கீழேதான் வருகிறது. கால்வாயும் புலப்படத்தில் இருக்கிறது, அதன் மேல்தான் செம்மண் குவியல். கோப்பு இன்னும் கையெழுத்தாகவில்லையாம். புல எண்களோடு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், நாளை நேரில் கொடுக்கிறேன். இதை எழுதும்போதும் ஒரு டிப்பர் வாசலைத் தாண்டிப் போகிறது.